இடிந்த வாசலில் கழற்றிய சப்பாத்து

முதல் தடவை ஐரோப்பா போகிறவர்கள் கடை கண்ணி பார்ப்பார்கள், கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் பிடிப்பார்கள். இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து போன இந்த மூன்று பெண்களோ மூன்று நாளாக ரோமில் இடிந்த சுவராகப் பார்த்துத் திரிந்தார்கள். எல்லாம் செல்வமலரின் ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஹட்டனிலேயே தங்கிவிட்ட சரித்திர டீச்சர். பழைய கல்லைக் கண்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“இடிஞ்ச செவரு பாக்கவா பிளேன் ஏறி வந்தோம்? எங்க கடைக்குப் பின்னால ஒன்னு சும்மாத்தானே கெடக்கு,” என்றாள் புடவைக்கடை பஸ்மிலா, முழங்காலைத் தடவிக்கொண்டே.

நாகலெட்சுமி சிரித்தாள். செல்வமலரின் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். மூவருக்கும் இருபது வருடச் சிநேகிதம். அந்த இருபது வருடமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தாள் அவள். அப்பா அக்கரப்பத்தனையில் கண்டாக்கு, தோட்டத்து உத்தியோகத்தர், பங்களா மாதிரி வீடு என்று பழகிய புதிதில் அளந்துவிட்டாள். உண்மையில் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கொழுந்து பறித்த அம்மா அம்மாக்கண்ணு இன்றைக்கும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒற்றைக் காம்பராவில்தான் இருக்கிறாள். “உங்க அம்மா வீட்டுக்குப் போவோமே” என்று இவர்கள் கேட்கும்போதெல்லாம் மழை, மண்சரிவு, அம்மாவுக்குக் காய்ச்சல். பாவம் அந்தக் கிழவி, இருபது வருடத்தில் எத்தனை காய்ச்சலைத்தான் தாங்கினாளோ! தெரிந்தால் இவர்கள் தன்னை ஒரு படி கீழே வைத்துவிடுவார்களே என்று நாகலெட்சுமிக்குப் பயம்.

நான்காம் நாள் நகரத்துக்கு வெளியே ஒரு மாளிகை இடிபாடு. பளிங்கும் தடாகமும் பார்த்து முடிந்ததும் வழிகாட்டிப் பெண் அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். ஒரே நீளச் சுவர். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு வாசல், ஜன்னல் கிடையாது. மாளிகையின் வேலையாட்கள் இருந்த இடமாம்.

“உள்ளே போய்ப் பார்க்கலாம்,” என்றாள் வழிகாட்டி.

செல்வமலர் நுழைந்தாள், பஸ்மிலா நுழைந்தாள். நாகலெட்சுமி வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, சுவரோரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“என்னா லெச்சுமி, பள்ளிவாசல்னு நெனச்சியா?” பஸ்மிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போதுதான் நாகலெட்சுமி தன் வெறுங்காலையே பார்த்தாள். வழிகாட்டியோ தன்பாட்டில், இதில் ஏழெட்டுப் பேர் எப்படித்தான் படுத்தார்களோ என்று வியந்துகொண்டிருந்தாள்.

“தல மாத்தி கால் மாத்திப் படுத்தா எட்டுப் பேரு படுக்கலாம்,” என்றாள் நாகலெட்சுமி தமிழில். “நாங்க படுத்தோம். எங்கப்பா கண்டாக்கு இல்ல. நான் பொறந்தது லயத்துல. எங்கம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க.”

பஸ்மிலாவின் சிரிப்பு நின்றது. செல்வமலருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“லயம் எண்டதுக்காகவோ இருவது வருஷம் எங்களை அண்ட விடேல்ல? எங்களை அவ்வளவுதானோ மதிச்சனீர்?” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

நாகலெட்சுமியோ தன்னை மதிப்பார்களா என்றே பயந்தவள், இந்தக் கேள்வியை நினைத்தே பார்க்கவில்லை.

“அட விடுங்க, கோவத்த ஊர்ல போய் வச்சுக்குவோம்,” என்றாள் பஸ்மிலா. “லெச்சுமி, இப்பவே அம்மாவுக்குப் போன் போடு. திரும்பின அடுத்த ஞாயித்துக்கெழம வாறோம்னு சொல்லு. எங்களுக்கும் கேக்கணும், சத்தமா வை.”

அம்மாக்கண்ணு எடுத்தாள். நாகலெட்சுமி தட்டுத்தடுமாறி, தோழிகள் வருகிற விசயத்தைச் சொன்னாள்.

“மெய்யாவா ஆயி? அவங்க வந்தா தேத்தண்ணி குடுக்கணும்னு பூப்போட்ட கப்பு வாங்கி வச்சு பன்னெண்டு வருசமாச்சே. டவுனு டீச்சருங்க, லயத்துக்கு வரக் கூச்சப்படுறாங்க போலன்னு நெனச்சிக்கிட்டேன். ஒன்னச் சங்கடப்படுத்த வேணாமேன்னுதான் நான் கேக்கவே இல்ல.”

தோழிகள் இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“அவங்களுக்குக் கூச்சம் இல்லம்மா,” என்றாள் நாகலெட்சுமி. “எனக்குத்தான்.”