குளிர் தெரியாத பாகம்

எங்கள் தொழிற்சாலைக்குப் புகைபோக்கி கிடையாது. ஆனால் சங்கு உண்டு, சீருடை உண்டு, காலையில் உடற்பயிற்சியும் உண்டு. நாங்கள் செய்தது கணினி நிரல். புதிதாக எழுதுகிறவனை மேலிடம் முறைக்கும். முன்பே எழுதிக் கிடங்கில் வைத்த பாகங்களை எடுத்துக் கோப்பவனே கெட்டிக்காரன். யாருடைய பாகத்தை அதிகம் பேர் எடுக்கிறார்களோ, அவருக்கு ஆண்டுதோறும் பரிசு.

அந்த வருடம் என் பக்கத்து மேசை செட்சுகோவுக்கு. குடிநீர் நிலையங்களில் வெப்பநிலையைப் படிக்கும் பாகம் அவளுடையது. தெற்கே நாஹாவுக்காக எழுதியது. அங்கே ஏது உறைபனி? பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து என்றாலும் மேலே ஐந்து என்றே படிக்கும்; குழாயைச் சூடாக்கும் கருவி ஓடாது. அதையே வடக்கே பனி கொட்டும் அசாஹிகாவாவுக்கும் கோக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிரிவுத் தலைவர் மனாபேயிடம் ஓடினாள்.

"நிறுத்திடுங்க சார். குளிர்ல தப்பாப் படிக்கும். திருத்தித் தரேன்."

"திருத்தினா, எடுத்தவங்க எல்லாரும் மறுபடி சோதிக்கணும். என் தலையத்தான் உருட்டுவாங்க. பரிசு முடியட்டும்மா, பார்க்கலாம்."

"குழாய் வெடிச்சா?"

"பரிசு வாங்கப்போற மூஞ்சியா இது? போய்ச் சிரிச்சுப் பழகு."

விழாவில் இயக்குநர் குவாஜிமா கேடயத்தை நீட்டினார். செட்சுகோ வாங்கிக்கொண்டு ஒலிவாங்கி முன் நின்றாள்.

"இது குறையுள்ள பாகம். தயவுசெஞ்சு யாரும் இதை எடுக்காதீங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பலகாரப் பெட்டி கொடுத்தாலே, அடக்கத்துக்காக, ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று சொல்லி நீட்டுகிற ஜனங்கள் நாங்கள்.

"நெசமாத்தான் சொல்றேன்!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் எழுந்து, "அவ சொல்றது உண்மைங்க!" என்று கத்தினேன். "தோழிக்கும் எவ்வளவு அடக்கம்!" என்று சிரித்தார்கள். விஷயம் தெரிந்த மனாபே எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"இந்தப் பணிவை எல்லாரும் கத்துக்கணும்" என்றார் இயக்குநர். அன்று மாலைக்குள் இன்னும் சிலர் அந்தப் பாகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அசாஹிகாவாவில் குழாய்கள் உறைந்து வெடித்தன. ஊரே தண்ணீரில்லாமல் பனியை உருக்கிக் குடித்தது. விசாரணை அறையில் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். மனாபே எங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"செஞ்சவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் குவாஜிமா, நிஜமான வருத்தத்தோடு.

செட்சுகோ அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இடுப்பு மடியக் குனிந்து, தப்பு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டாள். அதை மட்டும் எல்லாரும் அப்படியே நம்பினார்கள்.