முதுகேறும் உரிமை

ஹோம்பி பள்ளியின் தலைமையாசிரியை லெட்டிஸ் பெவரல் காலணிகளைக் கழற்றினாள். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். எதிரே ஆல்டர்விக் பள்ளியின் தலைமையாசிரியர் ட்ரான்மர் நின்றார். அவர் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. அவள் அதில் பாதிகூட இல்லை.

நிறுவனர் நாள் வழக்கம் அது. இளைய பள்ளியின் தலைவர் மூத்த பள்ளியின் தலைவரைச் சுமந்து கெல் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆல்டர்விக்கைத் தொடங்க அனுமதி தந்த பட்டயத்தின் தேதி 1562 பிப்ரவரி. ஹோம்பியுடையது 1562 மே. அந்த மூன்று மாத மூப்பை வைத்து ஆல்டர்விக் நானூற்றைம்பது ஆண்டுகளாகச் சவாரி செய்துவந்தது.

"மிஸ், கிரேன் வரவழைக்கலாமா?" என்று அக்கரையிலிருந்து ஆல்டர்விக் மாணவர்கள் கத்தினார்கள்.

"உங்க ஆளை உருட்டி விடுங்கடா, தானா வந்துடுவார்!" என்றது ஹோம்பி கூட்டம்.

இக்கரையில் டார்கஸ் திர்கெல் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆல்டர்விக்கின் வரலாற்று ஆசிரியை. ஆறு வருடம் உழைத்து அவள் எழுதிய பள்ளி வரலாறு முந்நூறு பிரதிகளாக மேசையில் இருந்தது. இன்றுதான் வெளியீடு. முதல் வரி: 'மாவட்டத்தின் மிக மூத்த பள்ளி இது.'

பொழுது போகாமல் தொண்ணூற்றோராம் பக்கத்தைப் புரட்டினாள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் இருபத்தைந்தில் பிறந்தது என்று அவளே எழுதியிருந்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். பட்டயம், 1562 பிப்ரவரி.

அவளுக்கு வியர்த்தது. புத்தாண்டு மார்ச்சில் பிறந்தால் மே முதலில் வரும். பிப்ரவரி ஆண்டின் கடைசி. அப்படியானால் ஆல்டர்விக் ஒன்பது மாதம் இளையது. இரண்டு பக்கமும் அவள் எழுதியவைதான். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

வாயை மூடிக்கொண்டால் புத்தகம் பிழைக்கும். ட்ரான்மர் லெட்டிஸின் தோளில் கை வைத்தார். லெட்டிஸ் குனிந்து முதுகைக் காட்டினாள்.

"நிறுத்துங்க!" டார்கஸ் எழுந்த வேகத்தில் மேசை சாய்ந்தது. "சார், நாமதான் சின்னவங்க!"

அவள் மூச்சு வாங்க விளக்கினாள். இரு கரையிலும் விரல்கள் மாதங்களை எண்ணின.

ட்ரான்மர் குரலைத் தாழ்த்தினார். "மிஸ் திர்கெல், இதை நாளைக்குப் பேசக் கூடாதா?"

"நாளைக்கு அவங்க முதுகு இருக்காது, சார்."

"முதல் வரியில நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. தப்பா எழுதிட்டேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். லெட்டிஸைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று டார்கஸ் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு வருஷமா அடுத்தவங்க முதுகுல கூசிக் கூசி உக்காந்திருக்கேன்," என்றார் காலுறையை உருவியபடி. "ஏறுங்க, மிஸஸ் பெவரல்."

அவள் அணில் மாதிரி ஏறினாள்.

"வேகமா! வேகமா!" ஹோம்பி மாணவர்கள் தொப்பிகளை ஆற்றில் வீசினார்கள். ஆல்டர்விக் மாணவர்களும் வீசினார்கள், ஏன் என்று தெரியாமலே. தொப்பிகள் வாத்துகளோடு சேர்ந்து மிதந்து போயின. ட்ரான்மர் அக்கரை சேர்ந்து குனிந்தார். லெட்டிஸ் இறங்கவில்லை.

"திரும்புங்க, ஹெட்மாஸ்டர்."

"எதுக்கு?"

"இது இந்த வருஷத்துக்கு. போன வருஷத்துது?"

அவர் திரும்பி நடந்தார்.

டார்கஸ் புல்லில் சிதறிய புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இனி இவற்றை யார் தொடுவார்கள்? நிமிர்ந்தபோது எதிரே வரிசை நின்றது. எல்லாம் ஹோம்பி மாணவர்கள்.

"மிஸ், எனக்கு ஒண்ணு. முதல் வரியை உங்க கையால அடிச்சுத் தரணும்."

"எனக்கு ரெண்டு. ஒண்ணு அப்பாவுக்கு. அவர் உங்க ஸ்கூல்."

அவள் பேனாவைத் திறந்தாள். 'மிக மூத்த' என்பதை அடித்துவிட்டு 'இரண்டாவது' என்று எழுதினாள். ட்ரான்மர் 2007-ஆம் வருடக் கடனுக்காக லெட்டிஸைச் சுமந்து கரையேறியபோது எல்லாப் பிரதிகளும் விற்று மேசை காலியாக இருந்தது.