உப்பில்லாத குழம்பும் ஒரு திடீர்த் தம்பியும்

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை மடக்கி உட்காருங்க. வாயை அடக்கத் தெரியாத ஒருவன், கடல் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த கதை சொல்கிறேன்.

அவன் பம்பு மெக்கானிக். கம்பெனி வேலையாக வெளிநாடு போனவனுக்கு ரொட்டியே கதியாகி நாக்கு செத்துவிட்டது. ஒரு டாக்சிக்காரர்தான் காதோடு சொன்னார்: "ஒரு அக்கா வீட்டுலயே காசு வாங்கிட்டுப் பந்தி போடறாங்க. போர்டெல்லாம் கிடையாது. தெரிஞ்சவங்க கூட்டிட்டுப் போனாத்தான் உள்ள விடுவாங்க."

போனில் கேட்ட மனைவி பதறினாள். "யார் வீட்டுலயோ உக்காந்து நொட்டை சொல்லாதீங்க. என் மேல சத்தியம்!" செய்து கொடுத்தான்.

மூன்றாவது மாடி. வாசலிலேயே அக்கா கையைப் பிசைந்தாள். "தம்பி, யார் கேட்டாலும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. வெளியாளுக்குச் சோறு போடறது வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, நாளைக்கே பெட்டியைத் தெருவுல வெச்சிடுவாரு. ரெண்டு பிள்ளைங்களோட நான் எங்க போவேன்?"

வீட்டுக்காரரும் நம் பாஷைக்காரர்தான். அதுதான் வினை. அந்நியன் கண்ணில் மண்ணைத் தூவலாம். முறை தெரிந்தவனிடம் பாச்சா பலிக்குமா?

ஹாலில் பாய் விரித்திருந்தது. டாக்சிக்காரர், ஒரு நர்ஸ், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டு பேர். மெக்கானிக் முதல் கவளத்தை வாயில் வைத்தான். குழம்பில் உப்பே இல்லை.

"சூப்பர்க்கா" என்றான் கம்ப்யூட்டர்காரன். "தேவாமிர்தம்" என்றாள் நர்ஸ். மெக்கானிக் பெண்டாட்டிக்குச் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டான். விழுங்கினான்.

கதவு தட்டும் சத்தம்.

திறந்தால் வீட்டுக்காரர். உள்ளே வராமல் கீழே கிடந்த செருப்புகளையே பார்த்தார். "என்னம்மா, ஓட்டல் நடத்தறியா?"

"ஐயோ, எல்லாம் எங்க சொந்தக்காரங்க…"

"அப்படியா?" நேரே டாக்சிக்காரரிடம் வந்தார். "இந்த நர்ஸம்மா உனக்கு என்ன முறை?"

"அத்தை… இல்ல, சித்தி பொண்ணு…"

"சாப்பாடு எப்படி?"

"பிரமாதம்ங்க!" என்றார்கள் எல்லோரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

வீட்டுக்காரர் உதட்டைச் சுழித்தார். அக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். கதவோரம் அவள் சின்ன மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் அந்தப் பிடியைப் பார்த்தான். பெண்டாட்டி மன்னிக்கட்டும் என்று தட்டை நகர்த்தினான்.

"என்னக்கா குழம்பு இது? வாயில வைக்க முடியல! உப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சா? கல்யாணமாகிப் போன நாள்லேருந்து இதே கதைதான். மச்சான் எப்படித்தான் காலம் தள்ளினாரோ!"

அக்கா ஒரு நொடி விழித்தாள். பிறகு கரண்டியை ஓங்கினாள்.

"ஆமாண்டா, தின்னுட்டுப் பேசு! உன் பொண்டாட்டி ஆக்கிப் போடற லட்சணம் எனக்குத் தெரியாதா? கொட்டிக்கறதுன்னா கொட்டிக்க, இல்லன்னா எழுந்திரு!"

வீட்டுக்காரர் விரலால் குழம்பைத் தொட்டு நக்கினார். முகம் கோணியது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "கூடப் பிறந்தவன்தான், சந்தேகமே இல்ல. வெளியாளு எவன் இப்படிப் பேசுவான்?" என்றபடியே படியிறங்கிப் போய்விட்டார்.

கதவைச் சாத்திய அக்கா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அட கடவுளே, பயத்துல உப்பே போடலையே! யாராவது சொல்லக் கூடாதா?"

அக்கா உப்பு ஜாடியை எடுத்து வந்து முதலில் மெக்கானிக் பக்கத்தில் வைத்தாள். "அடுத்த வாரமும் வந்துடுடா" என்றாள். அந்த 'டா' அப்படியே நின்றுவிட்டது.

போய் வாங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பானையில் உப்பும் குறையாமல், உரிமையோடு குறை சொல்கிற வாயும் குறையாமல், வாசல் நிறையச் செருப்போடு நல்லாயிருங்க.