செமினியில் பேசிய ஆங்கிலம்

மலர்விழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிள்ளானை ஒட்டிய மேருவில், வீட்டு வாசலில் வண்டி ஏறியதிலிருந்து செமினி வந்து சேரும்வரை சீட் பெல்ட்டை இழுப்பதும் விடுவதுமாக வந்தாள். பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கமலநாதன், “அத பிச்சிடாதம்மா,” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அன்று மாலைக்குள் அவள் செமினியில் இருக்கிற கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சேருகிறேன், சேரவில்லை என்று கைப்பேசியில் இரண்டே பட்டன்கள். உளவியல் படிக்க இடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததோடு நிற்காமல், ஒரு நாள் எங்களோடு இருந்து பாருங்கள், பிடித்திருந்தால் வாருங்கள் என்று அழைப்பும் அனுப்பியிருந்தார்கள். கட்டிக்கொள்ளப் போகிற வீட்டில்கூட யாரும் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்லை. கல்லூரிக்கு அந்தச் சலுகை உண்டு போலிருக்கிறது.

துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டும் கமலநாதனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. விளம்பரத் தாளில் பச்சைப் புல்வெளியையும் ஏரியையும் பார்த்த அன்றே அவர் முடிவு செய்துவிட்டார். வேலைக்கு லீவு போட்டு, கல்யாண வீட்டுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்.

இன்னொரு கல்லூரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. சேலைக் கடைக்கு மேலே இரண்டு மாடி, அங்கேயும் அதே உளவியல்தான். போன வாரம் மலர்விழி அங்கேயும் போய்ப் பார்த்தாள். படியேறி முடிப்பதற்குள் ஒருத்தி எந்தத் தமிழ்ப்பள்ளி என்றாள். இன்னொருத்தி, “தங்கமணி ஆன்டிக்குச் சொந்தமா நீ?” என்றாள். வகுப்பில் பாடத்தைவிட யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்ற கதைதான் சுவாரஸ்யமாக ஓடியது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. கிள்ளானிலிருந்து தப்பிக்க ரயில் ஏறினால், கிள்ளான் முந்திக்கொண்டு வந்து மாடியில் உட்கார்ந்திருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. அங்கே பிடிக்கவில்லை. இங்கேயும் பிடிக்காமல் போனால் எங்கே போவது என்பதுதான் காலையிலிருந்து அவள் கவலை.

கல்லூரி வாசலில் பெற்றோர்களை வரவேற்கத் தனியாக மேசை போட்டு, கேக்கும் காப்பியும் வைத்திருந்தார்கள்.

“நானும் உள்ள வரவாம்மா?” என்றார் கமலநாதன்.

“வேணாம்ப்பா. பசங்க மட்டுந்தான்.”

கேக் மேசை இரண்டு பேர் கண்ணிலும் பட்டது. கமலநாதன் அதைப் பார்க்காத மாதிரி, “சரி, நான் வெளிய போயி ரொட்டி சானாய் சாப்ட்டு வரேன். முடிஞ்சதும் போன் அடி,” என்று வண்டியைத் திருப்பினார். அவருக்குச் சலிப்பாக இருக்கும், அதனால்தான் வேண்டாம் என்றேன் என்று மலர்விழி தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

அவளைச் சுற்றிக் காட்ட வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் மேடி என்று இருந்தது. முகத்தைப் பார்த்தால் நம்ம பெண். வாயைத் திறந்தால் சரளமான, வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஆங்கிலம். மலர்விழியும் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள்.

இந்த நாட்டில் நம்மவரும் நம்மவரும் புதிதாகச் சந்தித்தால் நடக்கிற கூத்து இது. சீனரிடமோ மலாய்க்காரரிடமோ என்ன பேசுவது என்பதில் குழப்பமே கிடையாது. எதிரே நம் முகம் நின்றால்தான் நாக்கு திக்குமுக்காடும். தமிழில் ஆரம்பித்து, அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால்? தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் பதில் சொல்லி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டால்? எதற்கு வம்பு என்று இருவருமே ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். ஒரு தடவை தொடங்கிவிட்டால் அப்புறம் மாற்றுகிற துணிச்சல் யாருக்கும் வராது.

மேடி நூலகத்தைக் காட்டினாள், ஏரியைக் காட்டினாள், சுவர் ஏறுகிறவர்களுக்கும் கேக் சுடுகிறவர்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருப்பதைச் சொன்னாள். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் கட்டிப்பிடித்து நலம் விசாரித்தார்கள், பதிலுக்குக் காத்திராமல் நடந்தார்கள். மலர்விழி ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைக்குள் கட்டி, சரிபார்த்து, சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் அவளை யார் மகள் என்று கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பையன் விரிவுரையாளர் சொன்னது தப்பு என்றான். அவர் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே ஏன் என்று கேட்டார். மலர்விழிக்குச் சிலிர்த்துப்போனது. அவளும் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். நல்ல கேள்வி என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே இங்கே சேர்ந்துவிடலாம் என்று அந்த நிமிடம் அவளுக்கு ஆசையாக இருந்தது.

மதியம் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேடியின் கைப்பேசி அடித்தது. தூணோரமாக ஒதுங்கிப் போய் எடுத்தாள்.

“இல்லம்மா, சாப்ட்டேன்லா. வெள்ளிக்கிழம வரேன். காப்பாருக்கு பஸ் புடிச்செல்லாம் என்னால வர முடியாது, அண்ணன வந்து ஏத்திக்க சொல்லுங்க.”

மலர்விழி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். காப்பார் அவள் வீட்டுக்கு அடுத்த ஊர். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு அம்மாவும் அவளும் போவதே அங்கேதான்.

மேடி திரும்பி வந்து உட்கார்ந்ததும், “நீங்க காப்பாரா?” என்றாள் மலர்விழி.

மேடி ஒரு கணம் விழித்தாள். “ஏய், நீ தமிழ் பேசுவியா?”

“மேருலா நானு. தமிழ்ப்பள்ளி.”

“அடிப்பாவி. காலையிலேர்ந்து நீ பேசுன இங்கிலீஷப் பாத்து, டவுன்சைடு புள்ள போலன்னு நெனச்சி பயந்துட்டேன்.”

“நான் உங்களப் பாத்துத்தான் பயந்தேன்.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மேடியின் பெயர் மாதவி. விடுதியில் ஒரே அறையில் இருக்கிற ரமணியும் தமிழ்ப் பெண்தான். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதே முதல் ஆண்டு முடிகிறபோதுதான் மாதவிக்குத் தெரிந்ததாம், அதுவும் காய்ச்சலில் அவள் புலம்பியதை வைத்து. மலர்விழிக்குக் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நம்மைப் போல இங்கேயும் ஆள் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. சேருகிறேன் என்று அழுத்திவிடலாம் என்றே நினைத்தாள்.

“எங்கம்மாகூட மேருலதான் க்ளவ் பேக்டரில...” என்று மாதவி ஆரம்பித்தாள்.

அதற்குள் தட்டுகளோடு அவள் தோழிகள் மூன்று பேர் வந்து மேசையில் உட்கார்ந்தார்கள். மாதவி தொடங்கிய வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டாள். அடுத்த வார்த்தை ஆங்கிலத்தில் வந்தது, முகமும் மேடியின் முகமாகிவிட்டது. இவள் மலர், நாம் பார்த்த புதுப் பெண்களிலேயே இவள்தான் ஜாலி என்று அறிமுகப்படுத்தினாள். ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லி யாரும் மாதவியை வற்புறுத்தவில்லை. அந்தத் தோழிகள் நல்லவர்கள், தமிழில் பேசியிருந்தால் முகம் சுளித்திருக்கவும் மாட்டார்கள்.

ஆச்சரியம் அதுவல்ல. மலர்விழிக்கும் ஆங்கிலம் இப்போது தடையில்லாமல் வந்தது. தலைக்குள் வாக்கியம் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் சிரித்த இடத்தில் சிரித்தாள், தோளைக் குலுக்க வேண்டிய இடத்தில் குலுக்கினாள். இவ்வளவு தூரம் எப்படி வந்தாய் என்று ஒருத்தி கேட்டபோது, யாரோ இறக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஐஸ் டீயை உறிஞ்சினாள். சொன்னது என்ன என்று டீ தொண்டையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அப்புறம் அவளால் அங்கே உட்கார முடியவில்லை.

கமலநாதன் வாசலுக்கு வெளியே ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். மலர்விழி ஏறி உட்கார்ந்ததும், “எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“இட்ஸ் ஓகே பா. நைஸ் பிளேஸ். எவ்ரிபடி சோ பிரெண்ட்லி.”

கேண்டீன் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. கமலநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, துறைமுகத்தில் தாள்களைச் சோதிக்கிற அதிகாரிகளிடம் பேசுகிற குரலில், “ஓகே. குட். வெரி குட்,” என்றார்.

மலர்விழிக்குச் சுரீர் என்றது. “ஏம்ப்பா எங்கிட்ட இப்படிப் பேசுறீங்க?”

“இல்லம்மா, படிக்கிற எடத்துல அப்படித்தான் பேசணும். நீ பழகிக்க. நானும் கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கிறேன். நாளைக்கு உன் பிரெண்டுங்க வந்தா பேசணுமில்ல,” என்று வண்டியை எடுத்தார்.

அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. காஜாங் தாண்டுகிறவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இங்க வேணாம்ப்பா.”

“ஏன், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒன்னும் சொல்லல. எல்லாரும் நல்லாத்தான் நடந்துக்கிட்டாங்க. நானும் நல்லாத்தான் பேசுனேன். எப்படி வந்தேன்னு ஒருத்தி கேட்டா. யாரோ எறக்கி விட்டாங்கன்னு சொல்லிட்டேன்பா.”

கமலநாதன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்னால் போன பஸ்ஸை முந்தினார், பழையபடி இடப்பக்கம் வந்தார்.

“பரவால்லம்மா,” என்றார் கடைசியில். “எறக்கித்தான விட்டேன்.”

மலர்விழிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேரவில்லை என்பதை அழுத்தினாள்.