பைப்லைனில் இருக்கும் அக்கா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: ‘பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அவள் விழிகளில் நம்பிக்கையின் ஒளி...’

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

2

அக்கா லேப் டெக்னீஷியன். குழந்தைகள், பிறகு படுத்த படுக்கையான மாமனார் என்று பதினொரு வருடம் போய்விட்டது. இப்போது வேலை தேடுகிறாள். விளம்பரங்களில் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’, ‘டைனமிக் டீம் பிளேயர்’ என்று ஏதாவது வந்தால் அர்த்தம் கேட்டு எனக்கு போன் போட்டுவிடுவாள்.

“ரத்தம் எடுக்கத் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களேடா” என்பாள். ஊசி குத்தியதே தெரியாது, அப்படிப்பட்ட கை அவளுக்கு.

3

போன வாரம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ‘தங்கள் விவரங்களை எங்கள் டேலண்ட் பைப்லைனில் சேர்த்துள்ளோம். உரிய தருணத்தில் தொடர்புகொள்வோம்.’*

அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போன் கூடவே போகிறது. வெள்ளைக் கோட்டுக்குப் புதுப் பொத்தான் தைத்துவிட்டாள். தெருமுனை கிளினிக்கில் வேலைக்கு உடனே வரச் சொன்னார்கள். நாலு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

* அந்த வரியை எழுதியவன் நான். கம்பெனிகளுக்குக் கடித வாசகம் எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எந்தக் கடிதத்திலும் ‘இல்லை’ என்ற சொல் வரக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். விண்ணப்பித்தவர் மனம் நோகக் கூடாதாம். வேலை கிடையாது என்பதற்குத்தான் இந்தப் ‘பைப்லைன்’.

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அக்கா கிளினிக்குக்குப் போகிறாள். (அப்புறம் என் முகத்தில் விழிப்பாளா?)

முடிவு இரண்டு: மருத்துவமனை நிஜமாகவே கூப்பிடுகிறது. (அந்தப் பெரிய லேபில் அவள் நிற்பதைப் பார்க்க அவளைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் ஆயிரம் பேருக்குப் போன கடிதம் அது.)

முடிவு மூன்று: நான் அவளிடம்

அக்கா கூப்பிடுகிறாள்.

5

இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் கிளினிக்கில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். இப்போது மணி நாலே முக்கால்.

“யாராவது வந்து, ‘மேடம், ரிசல்ட் வந்துடுச்சா’ன்னு என்கிட்ட கேக்கணும்டா. அதுக்குத்தான் இவ்வளவும்” என்றாள். பிறகு, “அந்த வரிய எழுதினவங்க மனசுல என்னதாண்டா இருந்திருக்கும்?” என்று கேட்டாள்.

ஒன்றுமே இருக்கவில்லை. சாப்பிடப் போகும் அவசரத்தில் எழுதினேன்.

வாசகரே, இனி நான் பேச வேண்டியதை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அக்கா இன்னும் லைனில் இருக்கிறாள்.