ஐந்தும் ஏழும் படிக்காத பிள்ளை

கண்டி கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். மனுவின் பந்திகளுக்கு இலக்கமிடுவேன். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தாட்சி கேட்டு வாங்கி, இணைப்பு 1, இணைப்பு 2 என்று அடுக்குவேன். நாவலப்பிட்டியில் எட்டாம் ஆண்டை இரண்டு தடவை படித்தவன் நான். எதையும் தாண்டிப் போகும் பழக்கம் எனக்கில்லை.

கட்டுகஸ்தோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ராஜரத்தினம் தன் மகள் சஞ்சீவனியுடன் வந்தார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. 'இரு தடவை டபள் புரமோஷன் பெற்ற மேதை' என்று அவர் கடை வாசலில் தொங்கவிட்ட பெனரை நானும் பார்த்திருக்கிறேன். அதில் மேதையைவிட அப்பாவின் படம்தான் பெரிது.

"ஐயா, நம்ம புள்ள அஞ்சாம் ஆண்டு படிக்கல, ஏழாம் ஆண்டு படிக்கல. நேரா எட்ட முடிச்சிருச்சு. இப்ப கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒன்பதுல சேக்கணும்."

"இருந்த இடத்துலயே ஒன்பது படிக்கலாமே?"

"அந்த இன்டர்நேஷனல் ஸ்கூல்ல இப்ப ஒன்பதே இல்லீங்க. கூடப் படிச்ச ரெண்டு பேரும் வெலகிட்டாங்க."

தேர்ச்சி அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் நிலை: 1. மாணவர் தொகை: 3. ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தவர்களுக்கு இப்படித்தான் மேதைகள் கிடைப்பார்கள். ஏழுக்கு ஒரே ஒரு பிள்ளை என்றால் அதை எட்டில் தள்ளிவிட்டால் போதும், ஓர் ஆசிரியர் மிச்சம். அந்தச் சிக்கனத்துக்குச் சான்றிதழ் அடித்து, லேமினேட் செய்தும் கொடுத்திருந்தார்கள்.

"அங்கிள், ஏழாம் ஆண்டு கணக்குப் புத்தகம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள் சஞ்சீவனி.

"அது எதுக்கு ஒனக்கு? அதெல்லாம் தாண்டியாச்சு" என்றார் அப்பா.

"பாடம் எடுக்குற சேர் ஒவ்வொரு கணக்கையும், 'இது போன வருஷம் படிச்சதுதானே'ன்னுதான் தொடங்குவாரு. நான் மண்டைய மண்டைய ஆட்டுவேன்."

ராஜரத்தினம் பெருமையாகச் சிரித்தார். "வாயப் பாருங்க. ஐயா, வயச மறந்துறாதீங்க. பன்னெண்டு வயசுல ஒன்பதுன்னு போட்டு, கீழ ரெண்டு கோடு இழுங்க. பர்த் சர்டிபிகேட்ட முதல்ல வைங்க. பிரின்சிபல் அசந்து போகணும்."

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வயதைப் பார்த்துத்தான் வகுப்பு. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். இவரிடம் சொன்னால் மூன்று பேர் படிக்கும் இன்னொரு மாடி வீட்டைத் தேடிப் போவார். கேட்டபடியே எழுதினேன். இரண்டு கோடும் இழுத்தேன். பிறப்புச் சான்றிதழ் இணைப்பு 1.

அடுத்த வாரம் ராஜரத்தினம் மகளோடு வந்து அந்த மனுவை என் மேசையில் போட்டார். ஓரத்தில் பள்ளிக்கூட அதிபரின் குறிப்பு: 'இணைப்பு 1இன்படி தரம் 7இல் அனுமதிக்கலாம்.'

"ரெண்டு வகுப்பு எறக்கிட்டான்யா அந்த மனுசன். கடை வாசல்ல பெனர் தொங்குது, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? மேலிடத்துக்கு ஒண்ணு எழுதுங்க."

"எழுதலாம். ஏழாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை இருக்கா?"

"அதத்தான் தாண்டிட்டாளே."

"அந்த இணைப்பு இல்லாம நான் எழுதுறதில்ல. வருஷக் கடைசில கொண்டாங்க."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் போனார். சஞ்சீவனி அங்கேயே நின்றாள். புதுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஏழாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்துக்கு அதற்குள் உறை போட்டிருந்தாள்.

"வகுப்புல எத்தன பேரும்மா?"

"முப்பத்தெட்டு, அங்கிள். என்னோட முப்பத்தொன்பது."