சுவரோரம் போன மேசை

ஆராதனைக்கு இன்னும் ஆட்கள் வரவில்லை. போதகர் புதுப் பிரசங்க பீடத்தில் இல்லாத தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கூடமெங்கும் வார்னிஷ் வாசனை. வெளிநாட்டுச் சபை ஒன்றில் பேசப் போன இடத்தில் இதைப் போலவே ஒரு பீடத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அளவும் கேட்டு வாங்கி, தச்சு வேலை செய்யும் மைத்துனருக்கு அனுப்பினார். போதகர் ஊர் திரும்பும் முன்பே பீடம் தயார். ஏன், எதற்கு என்று மைத்துனர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊண் உறக்கம் மறந்து இழைத்திருந்தார்.

பீடத்துக்கு இடம் வேண்டுமே! அப்பமும் கிண்ணமும் வைத்து, சபையார் சுற்றி நின்று பகிர்ந்துகொள்ளும் பழைய மேசையைச் சுவரோரம் தள்ளியாயிற்று. அதன்மேல் இப்போது ஒலிபெருக்கிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சபையில் ஓர் அம்மா முகம் வாடிக் கேட்டபோது, "அது எங்கயும் போகலம்மா. நான் தனியா ஜெபம் பண்ண வெச்சுக்கிறேன்" என்று சமாளித்தார். சொன்ன பதில் அவருக்கே பிடித்துப்போனது.

மனைவி வேதாகமத்தோடு வந்தாள். வாரம் ஓர் அதிகாரம், முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, எதையும் தாண்டாமல் வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். வாசிப்பது அவள், அதன்மேல் பேசுவது இவர்.

"இன்னிக்கு ஒரு சங்கீதம் வாசிச்சிடேன்."

"ஏங்க? வரிசைப்படி ஆகாஸ் ராஜா காத்துக்கிட்டிருக்காரே."

"புதுப் பீடத்துப் பிரதிஷ்டையும் அதுவுமா அந்த விக்கிரக ராஜா எதுக்கு?"

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கே குஷ்டரோகச் சட்டம்தான் வாசிச்சேன். சம்பந்தி அம்மா இன்னும் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. அப்ப தாண்டாததை இப்பத் தாண்டணுமா?"

போதகர் சிரித்துவிட்டார். இளவயதிலிருந்து பேசிவரும் அதிகாரம்தானே. பிள்ளையைத் தீயில் நடத்திய ராஜா, மரத்துக்கு மரம் தூபம் காட்டிய ராஜா. விசுவாசிகளுக்கு மூன்று பாடம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். விக்கிரகம் என்பது எப்போதும் வேறு யார் வீட்டிலோதான் இருந்தது.

கூடம் நிறைந்தது. அவர் பீடத்தில் கையூன்றி நிற்க, அவள் வாசித்தாள். ஆகாஸ் தமஸ்குவுக்குப் போனான். அங்கே ஒரு பலிபீடத்தைக் கண்டான். அதன் சாயலையும் மாதிரியையும் ஆசாரியன் உரியாவுக்கு அனுப்பினான். ராஜா திரும்பி வருமுன் உரியா அதைச் செய்து முடித்திருந்தான்.

முன்வரிசையில் மைத்துனர் தலை நிமிர்ந்தது. மனைவியின் குரல் மெல்லத் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. கர்த்தருடைய பழைய வெண்கலப் பலிபீடத்தை ராஜா ஓரமாக நகர்த்தினான். அது இருக்கட்டும், நான் கர்த்தரிடம் விசாரிக்க வைத்துக்கொள்கிறேன் என்றான்.

அன்று கேட்ட அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். போதகரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று பாடத்தில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. மைத்துனரைப் பார்த்தார். பீடத்தின் விளிம்பில் ஓடும் கொடி வேலையில் அந்த மனிதரின் உயிரே இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் நெஞ்சு வலித்தது.

"ஆகாஸ் அந்தப் பழைய பீடத்தை உடைக்கல," என்றார் கடைசியில். "ஓரமா வெச்சாரு. அவ்வளவுதான்."

படியிறங்கிச் சுவரோரம் போனார். ஒலிபெருக்கிப் பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கால்கள் தரையில் கிரீச்சிட்டன. நல்ல கனமான மரம், தனி ஆளுக்கு அசைகிற சாதியில்லை.

"மச்சான்," என்றார். "ஒரு கை பிடிங்க."

மைத்துனர் எழுந்திருக்கவில்லை. வார்னிஷ் கறை போகாத தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் தன் முனையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். எதிர்முனைக் கால்கள் இரண்டும் தரையிலேயே இருந்தன.